ஐந்து வீடுகளுக்கு ஓர் ஆடிட்டர்

அந்த நாற்காலியில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்த நேரத்தைவிட எழுந்து நின்ற நேரம்தான் அதிகம். உட்காருவாள், கைப்பையைத் திறப்பாள், உள்ளே எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவாள், மறுபடி எழுந்து சன்னலோரம் போய்விடுவாள். இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனை வார்டில் எத்தனையோ பேருக்கு "பதறாதீங்க" என்று சொன்ன வாய்தான். தனக்கென்று வந்தபோது அந்த ஒரு சொல் அதற்கு ஞாபகம் வரவில்லை.

எதிரே இருந்த மனிதர் அவளை உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லோருக்கும் தபால் சார். ஓய்வுக்குப் பிறகு, காணாமல் போன பொருளா, கையெழுத்தில்லாத கடிதமா, எதுவானாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். அவருக்குத் துணை, மனைவியின் தம்பி. ஐம்பது வயது, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, எதிலும் முந்திக்கொள்ளும் குணம். கதையில் பாதியைக் கேட்டதுமே குற்றவாளியைப் பிடித்துவிடுவார், மீதியைக் கேட்டதும் விட்டுவிடுவார். தபால் சார் அவரை மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவர் மச்சானாகிவிட்டார்.

நர்ஸம்மா நடந்தபடியே சொல்லி முடித்த விஷயம் இதுதான். அவளுடைய அப்பா கட்டட மேஸ்திரி. ஊரார் வீடுகளைக் கட்டிக்கொடுத்து மிச்சம் பிடித்த பணத்தில், தனக்கென்று ஒரு சின்ன மனையில், தளத்துக்கு ஒன்றாக ஐந்து வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார். அவர் போனபிறகு கட்டடம் அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக வந்தது. வசூல், பழுதுபார்ப்பு, வரி எல்லாம் அக்கா தலையில். பாதிப் பணம் மாதம் தவறாமல் தம்பி கையில். தண்ணீர்க் குழாய்களை மாற்ற அவள் வங்கியில் கடன் வாங்கியிருந்தாள். அதைப் புதுப்பிக்க, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு நாளை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வங்கிக்குப் போயாக வேண்டும். இத்தனை வருடம் பார்த்த ஆடிட்டரோ தொழிலை மூட்டை கட்டி வைத்துவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார்.

புதிய ஆளைத் தேடி, செருப்பு வாங்குகிறவள் நாலடி நடந்து பார்ப்பதுபோல, அவள் மூன்று பேரைப் பார்த்தாள். ஒரே ஃபைலைத் தன் கையாலேயே ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நகல் எடுக்கவில்லை, வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. மூவருக்கும் பெயர் இருந்தாலும் அவள் மனதுக்குள் வைத்த பெயர்தான் வாயில் வந்தது.

முதலாவது, கேள்வி ஆடிட்டர். தேய்ந்த செருப்பும் பெரிய தோள்பையுமாக ஒரு பெண்மணி. ஃபைலைக் கொடுத்த அன்றே ஒன்பது முறை போன் செய்தாள். ஒன்றாம் எண் வீடு எங்கே இருக்கிறது, மோட்டார் கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள், முன்பணத்தைத் தனியாக வைத்திருக்கிறீர்களா செலவழித்துவிட்டீர்களா, போன வருடம் அடித்த பெயின்ட் ஏன் இரண்டு பில்லில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு நர்ஸம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. திருடியைக் கேட்பதுபோல இருந்ததாம்.

இரண்டாவது, சிடுசிடு ஆடிட்டர். கடைக் கணக்கு மட்டும்தான் பார்ப்பேன், வாடகை வீட்டுக் கணக்கு எனக்கு ஆகாது என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரிக்கக்கூட இல்லை. ஃபைலைக் காயம் கட்டுகிற துணியால் கட்டி வைப்பது அவள் வழக்கம். அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. வார்டில் போடுகிற அந்த முடிச்சு வெளியாட்களுக்கு வராது.

மூன்றாவது, சிரிப்பு ஆடிட்டர். ஒரு கேள்வி கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை, பளபளவென்று அட்டை போட்ட அறிக்கையோடு ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லும்போது மட்டும் நர்ஸம்மா உட்கார்ந்தாள். அறிக்கையை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினாள். ஐந்து அடுக்குக் கட்டடத்தின் வண்ணப் படம். வாடகை கூடக்கூட நிறம் அடர்த்தி என்று ஓரத்தில் குறிப்பு. தரைத்தளம் வெளிர் மஞ்சள். மேலே போகப்போக நிறம் ஏறி, உச்சித் தளம் கருஞ்சிவப்பு.

"எவ்வளவு அழகா போட்டிருக்கார் பாருங்க. தொந்தரவே இல்லாத மனுஷன். இவருக்கே குடுத்துடலாம்னு இருந்தேன்" என்றாள்.

"உள்ளே படிச்சீங்களா?"

"கடைசிப் பக்கம் படிச்சேன். வித்துடறது நல்லதுன்னு எழுதியிருக்கார். அது அவர் அபிப்பிராயம்."

தபால் சார் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் இடி விழுந்தது. மூன்று நாளைக்கு முன்பு, திங்கட்கிழமை மத்தியானம், ஐந்து வீட்டுக் கதவின் அடியிலும் ஆளுக்கொரு கடிதம் கிடந்தது. தட்டச்சு செய்தது, கையெழுத்தில்லை, தபால்தலை இல்லை. கட்டடம் கைமாறப் போகிறது, அடுத்த மாதம் முதல் உங்கள் வாடகை இவ்வளவாக உயர்த்தப்படுகிறது, இஷ்டமில்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்யலாம் என்று மூன்றே வரி. மேல் இரண்டு வீட்டுக்காரர்களும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். உச்சித் தளத்து டீச்சர் பெட்டி கட்டவே ஆரம்பித்துவிட்டார். இரண்டு வீடு காலியானால் கடன் தவணை கட்ட முடியாது. தவணை நின்றால் கட்டடத்தை விற்க வேண்டியதுதான். வாங்குவதற்கு ஒரு மனை கம்பெனி ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தது.

"சும்மா மிரட்டணும்னு யாரோ எழுதினதுன்னு விட்டிருப்பேன். ஆனா இதைப் பாருங்க" என்று நர்ஸம்மா ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

கடன் வட்டி ஏறினால் வாடகையை எவ்வளவு உயர்த்த வேண்டியிருக்கும் என்று, கெட்ட கனவு கண்ட ஒரு ராத்திரியில் அவளே கிறுக்கி வைத்த தாள். உயர்த்தும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஃபைலில் அது இருப்பதையே மறந்துபோயிருந்தாள். அதில் வீடு எண் ஒன்றுக்கு ஒன்பதாயிரம், இரண்டுக்குப் பத்து, மூன்றுக்குப் பதினொன்று, நான்குக்குப் பன்னிரண்டு, ஐந்துக்குப் பதினான்காயிரம் என்று இருந்தது.

"கடிதங்கள்ல என்ன தொகை?" என்று கேட்டு, தபால் சார் பென்சிலை எடுத்தார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தரைத்தள டெய்லருக்கு ஒன்பதாயிரம். முதல் மாடிக்குப் பத்து. நடுவில் இருக்கும் இரண்டாம் மாடிக்குப் பதினொன்று. மூன்றாம் மாடிக்குப் பன்னிரண்டு. உச்சித் தளத்து டீச்சருக்குப் பதினான்கு.

"நடு வீட்டுக்கு மட்டும்தான் நான் எழுதின தொகை. அதான் பயமா இருக்கு. மத்த நாலும் சம்பந்தமே இல்லாம இருக்கு. டீச்சர் இப்ப குடுக்கறது ஏழு, அவங்களுக்கு ரெண்டு மடங்கு. டெய்லர் இப்பவே பன்னண்டு குடுக்கறார். அவருக்கு ஒன்பதா 'உயர்த்தி' இருக்காங்க. மனுஷன் என்னை வழியில நிறுத்தி நன்றி சொல்றார்."

மச்சான் சிரித்தார். பிறகு சிரித்ததற்காக இருமினார். இருமி முடித்ததும் குற்றவாளியைப் பிடித்துவிட்டார்.

"தம்பிதான். ஃபைல் வீட்டுல இருந்திருக்கு. அவருக்குப் பங்கு வேணும். கம்பெனிக்காரன் ஆசை காட்டியிருப்பான்" என்றார்.

நர்ஸம்மா மறுக்கவில்லை. மறுபடி எழுந்து சன்னலுக்குப் போனாள். மறுக்கத்தான் மூன்று நாளாக அவளும் தவித்துக்கொண்டிருந்தாள். தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறான். இன்னொரு வேன் வாங்கப் பணம் வேண்டுமென்று போன மாதம் வந்து, வித்துத் தொலைக்கலாமே என்று சண்டை போட்டுவிட்டுப் போனான். கடிதம் விழுந்த அன்று மத்தியானம், அவன் முகம் சிவக்க மாடியிலிருந்து இறங்கி ஓடியதை டெய்லர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அக்காவின் போனை அவன் எடுக்கவில்லை. வேறென்ன வேண்டும்?

அவள் கைப்பையில் அடிக்கடி தொட்டுப் பார்த்தது ஒரு கவர். தம்பியின் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டியது. இனி நீ யாரோ நான் யாரோ, என் வாசலை மிதிக்காதே என்று உள்ளே எழுதியிருந்தாள். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. தலை வாரி, சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அந்தக் கையாலேயே இதையும் எழுதியிருந்தாள்.

தபால் சார் கண்ணுக்குக் கவர் தப்புமா. "அதை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பெட்டியில போடாதீங்கம்மா. போட்ட பிறகு திரும்பக் கேட்டு ஓடி வந்தவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். சட்டப்படி குடுக்க முடியாதுன்னு சொல்லும்போது அவங்க முகத்தைப் பார்க்க முடியாது" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க, கட்டடத்தைப் பார்ப்போம்" என்றார்.

கட்டடம் ஒல்லியாக, இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. லிஃப்ட் கிடையாது. மச்சான் அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். தபால் சார் படியேறும்போது கதவுகளை மட்டும் பார்த்தார். ஒரு கதவிலும் எண் இல்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, "இதுல ஒண்ணாம் நம்பர் எது?" என்று கேட்டார்.

நர்ஸம்மா யோசிக்காமல் மேலே கை காட்டினாள். "டீச்சர் வீடு."

"மேலேருந்தா எண்ணுறீங்க?"

"அப்பா வழக்கம் அது. மேஸ்திரிங்க கட்டறதுதான் கீழேருந்து மேல. பூச்சு வேலை, வெள்ளையடிக்கிறது எல்லாம் மேலேருந்துதான் கீழ வருவாங்க. இல்லன்னா முடிச்ச சுவர்ல சாந்து வழியும். அதனால உச்சி வீடுதான் முதல்ல முடிஞ்சது, முதல்ல வாடகைக்குப் போச்சு. அதுதான் ஒண்ணு. டெய்லர் வீடு அஞ்சு. எங்களுக்குச் சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். ஏன், இதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. மூணு ஆடிட்டர்ல யாராவது இதைக் கேட்டாங்களா?"

"கேள்வி ஆடிட்டர் கேட்டா, முதல் போன்லயே. அப்புறம் நேர்ல வந்து ஏறியும் பார்த்துட்டுப் போனா. மத்த ரெண்டு பேரும் கேக்கல."

உச்சித் தளத்தில் டீச்சர் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் நர்ஸம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, பதினெட்டு வருஷம் இருந்துட்டேன், உன் கஷ்டம் உனக்கு என்றார். அந்தக் கடிதம் நான் எழுதியதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், சரிம்மா சரிம்மா என்று தலையாட்டியபடியே பேப்பரைச் சுற்றினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

இறங்கும்போது மச்சான் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "அத்தான், தம்பியைப் போய்ப் பிடிச்சுடலாமா?"

"நீ வேற ஒண்ணு பண்ணு மச்சான். அந்த மனை கம்பெனிக்குப் போய், இடம் வாங்க வந்தவன் மாதிரி உட்காரு. வரவேற்பறைச் சுவர்ல வருஷக் கணக்குச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாங்க. அதுல கையெழுத்து யாருதுன்னு மட்டும் பார்த்துட்டு வா. வாயைத் திறக்காதே."

கடைசி வாக்கியம்தான் மச்சானுக்குச் சிரமமாக இருந்தது. இருந்தாலும் போனார். தபால் சார் நர்ஸம்மாவிடம், நாளைக் காலை பத்து மணிக்கு மூன்று ஆடிட்டர்களையும் தம்பியையும் இந்தப் படிக்கட்டுக்குக் கீழே வரவழைக்கச் சொன்னார். யாரைத் தேர்ந்தெடுத்தேன் என்று அங்கே சொல்வதாக ஆடிட்டர்களிடம் சொன்னால் போதும். தம்பி போனை எடுக்கமாட்டான் என்றாள் அவள். அப்படியானால் டீச்சரை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். அவன் ஏன் டீச்சருக்கு மட்டும் வருவான் என்று அவள் கேட்டதற்கு, அன்றைக்கு அவன் இறங்கி ஓடியது மேலேயிருந்துதானே என்றார்.

அன்று சாயங்கால டியூட்டியில் நர்ஸம்மா ஒரே நோயாளியின் காய்ச்சலை இரண்டு முறை பார்த்தாள். கவர் கைப்பையில் இருந்தது. மருத்துவமனை வாசலில் தபால் பெட்டியும் இருந்தது. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அதன்முன் நின்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படிக்கட்டின் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. சிடுசிடு ஆடிட்டர் வேண்டாமென்று சொன்னவனை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கடிந்துகொண்டே வந்தார். கேள்வி ஆடிட்டர் வந்த உடனே தண்ணீர்த் தொட்டி கழுவிய ரசீது கிடைத்ததா என்றாள். சிரிப்பு ஆடிட்டர் சலவை மடிப்புக் கலையாமல் வந்து, எல்லோருக்கும் ஒரு சிரிப்பைப் பகிர்ந்து கொடுத்தார். தம்பி கடைசியாக வந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வங்கிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை என்பதுதான் அவளுக்கு நினைவிலிருந்தது.

தபால் சார் பைக்குள்ளிருந்து நான்கு கவர்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நான்கின்மேலும் "வீடு எண் 1" என்று மட்டும் எழுதியிருந்தது.

"சின்ன உதவி. எனக்கு முட்டி வலி. இதை அந்த வீட்டுக் கதவுக்கு அடியில தள்ளிவிட்டு வந்துடுங்க. எல்லாருக்கும் ஒரே வீடுதான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டாம், அவங்கவங்களுக்குத் தெரிஞ்சபடி செய்யுங்க."

தம்பி கவரைப் படித்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு இரண்டு படியாக ஏறினான். அவன் செருப்புச் சத்தம் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. கேள்வி ஆடிட்டர் தோள்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாலு மாடி" என்று பெருமூச்சு விட்டுப் பின்னாலேயே ஏறினாள். சிடுசிடு ஆடிட்டர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எது ஒண்ணாம் நம்பர்? எழுதிப் போட்டாத்தானே தெரியும்" என்று அங்கேயே நின்றார்.

சிரிப்பு ஆடிட்டர் நேராக நடந்து, டெய்லர் வீட்டுக் கதவின் முன் குனிந்து, கவரை அடியில் தள்ளினார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

நர்ஸம்மா டெய்லர் வீட்டுக் கதவையே பார்த்தாள். என்ன நடந்ததென்று அவளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் மேலே ஏறிப்போன அந்தச் செருப்புச் சத்தம் நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒரு முடிச்சை இழுத்தது.

மேலே போனவர்கள் இறங்கி வரும்வரை தபால் சார் காத்திருந்தார். பிறகு, குடியிருப்பவர்களிடம் வாங்கி வைத்திருந்த ஐந்து கடிதங்களையும் நர்ஸம்மாவின் தாளையும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் பரப்பி வைத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் கடிதம் குடுத்தவனுக்கு ஒரு நோய் உண்டு. எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும், இது சரியான வீட்டுக்குத்தான் வந்ததான்னு முதல்ல தோணும். இந்த அஞ்சும் தப்பான வீட்டுக்கு வந்த கடிதங்கள்மா. நடுவுல இருக்கறதைத் தவிர. டீச்சருக்கு வந்த பதினாலு, உங்க தாள்ல அஞ்சாம் நம்பருக்கு எழுதினது. டெய்லருக்கு வந்த ஒன்பது, ஒண்ணாம் நம்பருக்கு எழுதினது. தாளைத் தலைகீழா பிடிச்சா அஞ்சும் அச்சா பொருந்தும். மேலேருந்து எண்ணினாலும் கீழேருந்து எண்ணினாலும் நடு வீடு நடு வீடுதான். அதனாலதான் அது மட்டும் சரியா வந்துச்சு."

நர்ஸம்மா தாளையும் கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்கு நாளாகக் கண்ணெதிரே கிடந்தது அது.

"எழுதினவர்கிட்ட இந்தத் தாள் இருந்துச்சு. ஆனா ஒண்ணு எங்கே இருக்குன்னு தெரியல. தாள் போனது மூணு ஆடிட்டர் கைக்கு, வீட்டுல பார்த்திருக்கக்கூடியவங்க நீங்களும் தம்பியும். சிடுசிடுன்னு சொல்றாங்களே, அவர் முடிச்சையே அவிழ்க்கல. இந்த அம்மா முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. தம்பி பிறந்ததுலேருந்து ஒண்ணுன்னா உச்சின்னு வளர்ந்த பிள்ளை. மிச்சம் ஒருத்தர்தான்."

"தெரிஞ்சே மாத்திப் போட்டிருந்தா?" என்று மச்சான் குறுக்கிட்டார். தன் பழைய குற்றவாளியை அவருக்கு இன்னும் விட மனமில்லை.

"அஞ்சு பேரையும் கிளப்பணும்னு நினைக்கிறவன், டெய்லருக்கு மூவாயிரம் குறைச்சு எழுதுவானா மச்சான்? முதல் மாடிக்காரர் இப்ப குடுக்கறதும் பத்துதான். அவருக்கு ஒரு பைசா ஏறல. இந்தத் தப்பால நஷ்டம் எழுதினவருக்குத்தான்."

சிரிப்பு ஆடிட்டர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கீழ் வீட்டை ஒன்றாம் எண் என்று நினைப்பது குற்றமா, உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நினைப்பார்கள் என்றார்.

"குத்தமே இல்ல. ஆனா பாதிப்பேருக்கு இந்தத் தாள் கிடைக்கல." தபால் சார் பளபள அறிக்கையைப் பிரித்து வண்ணப் படத்தைக் காட்டினார். "வாடகை கூடினா நிறம் அடர்த்தின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உச்சி வீடு கருஞ்சிவப்பு. இங்க அதிக வாடகை டெய்லர் குடுக்கறது, கம்மி டீச்சர் குடுக்கறது. உங்க படமும் இந்த அஞ்சு கடிதமும் ஒரே மாதிரி தலைகீழா நிக்குது. மச்சான், நேத்து சுவர்ல என்ன பார்த்தே?"

ஒரு நாள் முழுக்க அதை வாய்க்குள் வைத்திருந்த மச்சான் மடை திறந்தார். மனை கம்பெனியின் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழில், நாலு வருடமாக இருப்பது இவருடைய கையெழுத்துத்தான். பக்கத்திலேயே முத்திரையும் இருக்கிறது என்றார்.

சிரிப்பு அப்போதுதான் போனது. எனக்கு வேறு வேலை இருக்கிறது, வக்கீலை வைத்துப் பேசிக்கொள்கிறேன் என்று அவர் நகர்ந்தார். நர்ஸம்மா தடுக்கவில்லை. அறிக்கையை மட்டும் அவர் கையில் திணித்தாள். கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆடிட்டர் சங்கத்துக்கு எழுத வேண்டும் என்றாள் கேள்வி ஆடிட்டர். நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சிடுசிடு ஆடிட்டர் உறுமினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

"அப்போ..." என்று படியில் நின்றபடியே தம்பி ஆரம்பித்தான். "அப்போ அதை நீ எழுதலையாக்கா?"

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"திங்கட்கிழமை தொட்டி வால்வைப் பார்க்க வந்தேன். டீச்சர் கூப்பிட்டுக் காட்டினாங்க. என்னை உட்கார வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுத்தவங்களுக்கு ரெண்டு மடங்கு வாடகையான்னு இருந்துச்சு. என்கிட்டகூடச் சொல்லாம விக்கிறதா முடிவு பண்ணிட்டேன்னு நெனச்சேன். உன் குரலைக் கேட்டா கத்திடுவேன்னுதான் போனை எடுக்கல."

நான்கு நாள் அவளைத் தின்றது அவனையும் தின்றிருக்கிறது. ஒரே படிக்கட்டின் மேலும் கீழுமாக நின்று இருவரும் ஒருவரை ஒருவர் திருடனாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நர்ஸம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அவனை நம்பாமல் போனோமே என்கிற வெட்கம். வேகமாகக் கைப்பையைத் திறந்தாள். கவரை எடுத்து நீட்டினாள்.

"நானும் உன்னைத்தான் நெனச்சேன். இதுல இருக்கு எல்லாம். படிக்கணும்னா படி, திட்டணும்னா திட்டு."

தம்பி கவரை வாங்கித் தன் முகவரியைப் பார்த்தான். பிரிக்கவில்லை. தபால் சாரிடம் கொடுத்தான்.

"எனக்கு வேண்டாம் சார்."

தபால் சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழகிய கை. முகவரியின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "பெறுபவர் மறுத்தார்" என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் வைத்து, நர்ஸம்மாவின் கையில் கொடுத்தார்.

"விதிப்படி அனுப்பினவங்களுக்கே திரும்பிடும்" என்றார்.

கேள்வி ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால். கணக்கு முடிந்து பையில் இருக்கிறது, கையெழுத்துப் போடத் தயார், ஆனால் அந்த இரண்டு பெயின்ட் பில்லுக்கும் காரணம் தெரியாமல் போடமாட்டேன் என்றாள். "அது நான் அடிச்சது. மேலேருந்து கீழ வரும்போது மூணாம் நம்பர்ல பெயின்ட் தீர்ந்துபோச்சு, திரும்ப வாங்கினேன்" என்றான் தம்பி. அவள் அதை எழுதிக்கொண்டாள். உடனே, எந்த மாதம் என்றாள்.

நர்ஸம்மா கவரை நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள். தம்பி மாதத்தை யோசித்துக்கொண்டிருந்தான். நான்கு நாளில் முதல்முறையாக, அவனுக்குப் பக்கத்தில் படியில் அவள் உட்கார்ந்தாள்.